குஞ்சின் காவலர்

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை’ என்பது நம் முன்னோர் மொழி. தாயின் கண்டிப்பால் பிள்ளைக்குத் தீங்கு வாராது என்பது இதன் கருத்து. தீங்கு வாராமையோடு, தாய்க்கோழியின் காலடியில் குஞ்சுக்குப் பெரியதொரு நன்மையும் விளைகின்றது. தாய்க்கோழி குப்பையைக் கிளறும்; குஞ்சுகள் அதன் பின்னே ஓடிக் கிளறிய இடத்தைக் கொத்தும். அங்ஙனம் கொத்தும்போது புழுவோடும் தானியத்தோடும், தாயின் எச்சத்தில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் அவற்றின் வயிற்றை அடைகின்றன. காண்பவர் இதனை அருவருக்கத்தக்க செயலாகக் கருதலாம். ஆயினும், தாய் தன் குஞ்சுக்கு வழங்கும் முதற்செல்வம் இதுவே. இச்செல்வத்தின் அருமையை மக்கள் அதனை இழந்த பின்னரே உணர்ந்தனர்.

நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நோய் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் எழுகின்றது. நுண்ணுயிர்கள் யாவும் தீயன அல்ல. பாலைத் தயிராக்குபவை அவை. அரைத்த மாவைப் புளிக்கச் செய்து இட்லிக்கு ஏற்றதாக ஆக்குபவையும் அவையே. கோழியின் குடலிலும் பலவகை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் லாக்டோபேசில்லஸ் போன்றவை கோழிக்கு உற்ற துணைவர். சால்மோனெல்லா, கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்றவை பகைவர். சால்மோனெல்லா பல வேளைகளில் கோழியினிடம் நோய்க்குறி எதனையும் காட்டாது மறைந்திருந்து, நன்கு வேகாத இறைச்சியை உண்ட மனிதருக்குக் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தரும். கிளாஸ்டிரிடியமோ கோழியின் குடற்சுவரை அழுகச் செய்து அதன் உயிரையே மாய்க்கும். துணைவர் நிறைந்திருக்கும் குடலில் பகைவர் எளிதில் தலையெடுப்பதில்லை. பயிர் அடர்ந்து வளர்ந்த வயலில் களை ஓங்குவதுண்டோ?

இனி, பண்ணையில் பிறக்கும் குஞ்சின் நிலையைக் காண்போம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் பிராய்லர் கோழியின் குஞ்சு தாயை அறியாது. முட்டைகள் தூய்மை செய்யப்பட்டு, அடைகாக்கும் பொறியினுள் அடுக்கப்படுகின்றன. தாயின் உடல் தரும் வெப்பத்தைப் பொறி தருகின்றது. இருபத்தொரு நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒருங்கே வெளிவருகின்றன. ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள குஞ்சு, ஆறு வாரத்துக்குள்ளேயே இரண்டு கிலோகிராம் எடையை எட்டிவிடுகின்றது. தமிழ்நாட்டில் பல்லடம் வட்டாரம் இவ்வகைக் கோழி வளர்ப்பில் பெயர் பெற்றதாகும். மலிவான விலையில் புரத உணவு மக்களுக்குக் கிடைப்பது இத்தொழிலால் விளைந்த நன்மை. ஆயினும், பொறி வெப்பத்தைத் தருமேயன்றித் தாயின் நுண்ணுயிர்ச் செல்வத்தைத் தராது. குஞ்சின் குடல் விதைக்கப்படாத வயல்போல் வெறுமையாய்க் கிடக்கின்றது. அவ்வயலில் முதலில் விழும் விதை எதுவோ அதுவே முளைக்கும். தீவனத்தின் வழியாகவோ, எலியின் வழியாகவோ சிறிதளவு சால்மோனெல்லா வந்து சேர்ந்தாலும், ஒருநாட் குஞ்சின் குடலில் அது பல்கிப் பெருகிவிடும்.

இவ்வெறுமையை நிரப்புவதற்கு முன்னரே, வேறொரு பொருள் கோழித் தீவனத்தினுள் புகுந்தது. அதன் வரலாறு அறியத்தக்கது. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். பின்னர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஆன்டிபயாட்டிக் என வழங்குபவை இவையே. அமெரிக்க நாட்டில் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற பேரறிஞர் அவர். அவருடைய தலைமையின் கீழ், எழுபது வயதைக் கடந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். அம்மருந்து 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கொடிய நோய்கள் பலவற்றினின்றும் அது மக்களைக் காத்தது.

அம்மருந்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கையில் பி12 என்னும் வைட்டமின் இருந்தது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்னும் இருவரும் அச்சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். வைட்டமினால் விளையக்கூடிய வளர்ச்சியைக் காட்டிலும் மிகுதியான வளர்ச்சியைக் குஞ்சுகள் பெற்றன. சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே இதற்குக் காரணம் எனத் தெரிந்தது. 1950இல் இச்செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே இத்தகைய மருந்துகளைத் தீவனத்தில் கலக்க அமெரிக்க அரசு இசைவளித்தது. நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுப்பது போய், நோயற்ற கோழிக்கும் நாள்தோறும் மருந்தூட்டும் வழக்கம் நாடெங்கும், பின் உலகெங்கும் பரவியது. அதே அளவு தீவனத்தில் கோழி கூடுதலாக எடை பெற்றது, இறப்பும் குறைந்தது. பண்ணையாளர் மகிழ்ந்தனர். அவர் மகிழ்ந்ததில் குற்றமும் இல்லை. அக்காலத்தில் பின்விளைவை அறிந்தோர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஃபிளெமிங்கே ஒருவர். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நுண்ணுயிர்களைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அவை அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். தீவனத்தில் கலந்தது அத்தகைய சிற்றளவே. கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுள் மருந்தைத் தாங்கவல்லன சில இருக்கக்கூடும். மற்றவை மடியும்போது இவை மட்டும் பிழைக்கின்றன. போட்டியிடுவார் இல்லாமையால் விரைந்து பெருகுகின்றன. மேலும், ஒரு நுண்ணுயிர் தான் பெற்ற எதிர்ப்பாற்றலைத் தன் வழித்தோன்றல்களுக்கு அளிப்பதோடு, அண்டையில் வாழும் வேற்றினத்துக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லது. கோழியின் குடலில் தோன்றிய இவ்வாற்றல், எச்சத்தின் வழியாகவும் இறைச்சியின் வழியாகவும் நீரின் வழியாகவும் மனிதரை வந்தடைகின்றது.

இவ்வாறு வந்தடைதலை அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி ஆய்வின் வாயிலாக மெய்ப்பித்தார். பாஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணையில், குஞ்சுகளுள் ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும், மறுபகுதிக்கு மருந்தில்லாத தீவனமும் அளிக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள்ளேயே, மருந்துண்ட குஞ்சுகளின் குடலில் அம்மருந்துக்கு அஞ்சாத நுண்ணுயிர்கள் நிறைந்தன. சில திங்கள் கடந்தபின், அப்பண்ணையில் வாழ்ந்த மனிதரின் குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் மிகுதியாகக் காணப்பட்டன. அவர்கள் அம்மருந்தை உட்கொண்டவர் அல்லர். 1976இல் வெளியான இவ்வாய்வு அறிஞர்களைச் சிந்திக்கச் செய்தது.

இதன் கேடு எத்தகையது என்பதற்குக் கோலிஸ்டின் என்னும் மருந்து சான்றாகும். பிற மருந்துகள் யாவும் பயன்படாத நிலையில், உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மருத்துவர் இறுதியாகக் கையாளும் மருந்துகளுள் அது ஒன்று. அதனையே பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் வளர்ச்சிக்காக ஊட்டிவந்தனர். கோலிஸ்டினை எதிர்க்கும் ஆற்றலை ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபுக்கூறு சீன நாட்டில் கண்டறியப்பட்டதாக 2015இல் செய்தி வெளியாயிற்று. மருத்துவ உலகம் திடுக்கிட்டது. கோழியின் எடையைச் சிறிது கூட்டுவதற்காக, மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் இறுதி மருந்தை இழக்கலாமோ? அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். இங்கோ, சிற்றளவில் ஓயாது ஊட்டியதே நஞ்சாயிற்று.

நாடுகள் ஒவ்வொன்றாக விழித்தெழுந்தன. வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் கலத்தலை ஸ்வீடன் 1986இல் தடை செய்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்னும் மருந்தை விலக்கியது. பின்னர்ப் பிறவற்றையும் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் இவ்வழக்கம் 2006ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 சூலைத் திங்களில் தடை செய்தது.

தடை செய்தல் எளிது. மருந்தை நீக்கினால் குஞ்சைக் காப்பவர் யார் என்னும் வினாவுக்கு விடை காணுதல் அரிது. அவ்விடையை, தடைகள் பிறப்பதற்கு முன்னரே, வடகோடியில் உள்ள பின்லாந்து என்னும் சிறுநாடு காட்டியிருந்தது.

1971ஆம் ஆண்டில் பின்லாந்தின் கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்னும் நுண்ணுயிர் பெரிதும் பரவியது. அதனால் மக்களும் நோயுற்றனர். எஸ்கோ நுர்மி என்னும் அறிஞர் இதனை ஆராயத் தலைப்பட்டார். வளர்ந்த கோழிகள் சால்மோனெல்லாவை எளிதில் தாங்குகின்றன. ஒருநாட் குஞ்சுகளோ மிகச் சிறிதளவு நுண்ணுயிருக்கே இடங்கொடுத்துவிடுகின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? வளர்ந்த கோழியின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் நிறைந்துள்ளன. பொறியில் பிறந்த குஞ்சின் குடலிலோ அவை இல்லை. அங்ஙனமாயின், இல்லாததை வழங்கினால் என்ன என்று அவர் எண்ணினார்.

நுர்மியும் அவருடைய துணைவர் ரன்டலாவும், நோயற்ற வளர்ந்த கோழிகளின் குடற்பொருளை எடுத்து, நீர்த்த கரைசலாக்கி, புதிதாய்ப் பிறந்த குஞ்சுகளுக்கு ஊட்டினர். பின்னர் அக்குஞ்சுகளைச் சால்மோனெல்லாவுக்கு ஆட்படுத்தினர். கரைசலை உண்ணாத குஞ்சுகள் எளிதில் பற்றப்பட்டன. உண்ட குஞ்சுகளுள் பெரும்பாலானவை தப்பின. 1973இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் இம்முடிவு வெளியாயிற்று. குப்பைமேட்டில் தாய்க்கோழி காலங்காலமாகச் செய்துவந்த பணியை ஆய்வறையில் மனிதர் மீண்டும் செய்தனர். நல்லவை முன்னரே இடம்பிடித்துத் தீயவற்றுக்கு இடமில்லாமற் செய்யும் இம்முறை, அறிஞர் உலகில் நுர்மி கொள்கை எனப் போற்றப்படுகின்றது. இக்கொள்கையின்படி ஆக்கப்பட்ட பிராய்லாக்ட் என்னும் பொருள் 1987இல் பின்லாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

நுர்மி ஊட்டிய கரைசலில் எண்ணற்ற இனங்கள் கலந்திருந்தன. அவற்றுள் பயனுடையவற்றைத் தனித்தனியே தேர்ந்து வளர்த்து, தீவனத்திலோ குடிநீரிலோ கலந்து தரும் முறையும் இக்காலத்தில் வளர்ந்துள்ளது. அங்ஙனம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களைப் புரோபயாட்டிக் என வழங்குவர். ஆன்டிபயாட்டிக் என்னும் சொல் உயிர்க்கு எதிரானது என்னும் பொருளை உணர்த்தும். புரோபயாட்டிக் என்பதோ உயிர்க்கு உகந்தது எனப் பொருள்படும். முன்னதை நுண்ணுயிர்க்கொல்லி என்றால், பின்னதை நல்லுயிரி எனலாம். இவ்வெண்ணத்துக்கு வித்திட்டவர் ருசிய அறிஞர் மெச்னிகாஃப் ஆவார். பாரிசு நகரில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய அவர், தயிரில் வாழும் நுண்ணுயிர்கள் மனிதரின் குடலுக்கு நலம் பயக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார்.

நல்லுயிரிகள் குஞ்சைக் காக்கும் வகை பலவாகும். முதலாவது, அவை குடற்சுவரில் இடம்பிடித்துக்கொள்கின்றன. ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காத தீய நுண்ணுயிர்கள் எச்சத்தோடு வெளியேறுகின்றன. இரண்டாவது, குடலில் உள்ள உணவை அவை முந்திக்கொண்டு உண்கின்றன. பின்வருவனவற்றுக்கு உணவு குறைகின்றது. மூன்றாவது, அவற்றுள் பல லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. பாலைப் புளிக்கச் செய்யும் அவ்வமிலம், புளிப்பைப் பொறுக்காத பகைவரை ஒடுக்குகின்றது. சில இனங்கள் பகைவரைத் தாக்கும் தனிப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. நான்காவது, குஞ்சின் உடலில் இயல்பாக உள்ள நோயெதிர்ப்பு ஆற்றலை அவை விழித்திருக்கச் செய்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி உழுகலப்பை போன்றது. களையோடு பயிரையும் புரட்டிவிடும். நல்லுயிரி அடர்ந்த பயிர் போன்றது. தான் வளர்வதனாலேயே களையை அடக்கும்.

இவற்றைக் கையாள்வதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். இவை உயிருள்ள பொருள்கள் ஆதலின், வெப்பத்தால் மடியக்கூடும். தீவனத்தைக் குச்சித் தீவனமாக்கும் ஆலையில் வெப்பம் மிகுதி. லாக்டோபேசில்லஸ் அவ்வெப்பத்தைத் தாங்குவது அரிது. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற இனங்களோ, விதையுறை போன்ற கடினமான உறையினுள் அடங்கி உறங்கி, வெப்பத்தைக் கடந்து, குடலை அடைந்த பின் விழித்தெழுகின்றன. இனத்தைத் தேர்ந்தெடுத்தலும் கருத்துடன் செய்யவேண்டிய செயல். ஒரு பண்ணையில் பயன் தந்தது மற்றொரு பண்ணையில் அதே அளவு பயன் தராமற் போதலும் உண்டு. பகைவர் வேரூன்றிய பிறகு ஊட்டுவதைவிட, பிறந்த நாளிலேயே ஊட்டுதல் சிறந்தது. குடிநீரில் கிருமிக்கொல்லி மருந்து மிகுந்திருந்தால், அது நல்லுயிரியையும் கொன்றுவிடும்.

நல்லுயிரியை ஊட்டிவிட்டுப் பண்ணையைப் பேணாது விடுதலும் தவறு. தரையில் பரப்பிய கூளம் ஈரமின்றி இருத்தல் வேண்டும். நீரும் தீவனமும் தூயனவாக இருத்தல் வேண்டும். கோழிகளை நெருக்கி அடைக்காது, காற்றோட்டம் தருதல் வேண்டும். உரிய நாளில் தடுப்பூசி போடுதல் வேண்டும். இத்தனையும் செய்தும் கோழி நோயுற்றால், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி உரிய அளவில், உரிய நாள்வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தலே முறை. மருந்தை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. நோயாளிக்கு உரிய மருந்தை நோயற்றவர்க்கு நாள்தோறும் ஊட்டி, அதன் ஆற்றலைப் பாழாக்குவதே தவிர்க்கத்தக்கது.

மருந்தைக் கைவிட்டதால் உண்டாகிய பயன் யாது என்று வினவலாம். டென்மார்க்கின் அனுபவம் இதற்கு விடை தருகின்றது. 1995இல் அந்நாட்டின் இறைச்சிக்கோழிகளிலிருந்து எடுத்த என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்னும் நுண்ணுயிர்களுள், நூற்றுக்கு ஏறத்தாழ 73 வான்கோமைசின் என்னும் மருந்துக்கு அஞ்சாதனவாய் இருந்தன. அவோபார்சின் அம்மருந்துக்கு நெருங்கிய உறவுடையது ஆதலின் இந்நிலை நேர்ந்தது. அவோபார்சின் விலக்கப்பட்டபின், 2000இல் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. கோழி வளர்ப்புத் தொழிலோ அழியவில்லை. தூய்மையையும் பேணுதலையும் துணையாகக் கொண்டு பண்ணையாளர் தம் தொழிலைத் தொடர்ந்து நடத்தினர். மனிதர் செய்த பிழையை மனிதரே திருத்திக்கொள்ள இயலும் என்பது இதனால் விளங்கும்.

பகையை அழித்தொழிப்பதே காவல் என்று மக்கள் நெடுங்காலம் கருதினர். பகையோடு நட்பையும் சேர்த்து அழித்தபோது, எஞ்சியது வலிய பகையே. நல்லனவற்றை முற்பட விதைத்து, பேணி வளர்த்து, அல்லனவற்றுக்கு இடமில்லாமற் செய்தலே நிலைத்த காவலாகும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோழிக்குஞ்சின் சிறுகுடலில் இவ்வுண்மையை நாள்தோறும் விளக்கிக்கொண்டிருக்கின்றன. குஞ்சின் குடலுக்குப் பொருந்திய இவ்வுண்மை, இளமை உள்ளத்துக்கும் பொருந்துவதே அன்றோ?

பயிற்சி

1. தாய்க்கோழியுடன் வளரும் குஞ்சுக்கும் பொறியில் பிறந்த குஞ்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கோழித் தீவனத்தில் இடம்பெற்ற வரலாற்றைச் சுருக்கி எழுதுக.

3. ஃபிளெமிங் விடுத்த எச்சரிக்கை யாது? அது எவ்வாறு மெய்யாயிற்று?

4. எஸ்கோ நுர்மி செய்த ஆய்வை ஒரு பத்தியில் விளக்குக.

5. நல்லுயிரிகள் குஞ்சைக் காக்கும் நான்கு வகைகளைக் கூறுக.

6. பின்வருவனவற்றைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக: தலையெடுத்தல், வித்திடுதல், வேரூன்றுதல், கைமாற்றுதல்.

7. ‘நல்லன விதைத்தலே நிலைத்த காவல்’ என்னும் பொருள்பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.